விட்டுக்கொடுத்த எடை

2024 டிசம்பர் 20ஆம் தேதி ரியாத் நகரில் இரண்டு ஹெவிவெயிட் வீரர்கள் எடை பார்க்க மேடையேறினார்கள். டைசன் ஃப்யூரியின் எடை 281 பவுண்டு என்று அறிவித்தார்கள், கிலோவில் 127. ஒலெக்சாண்டர் உசிக் 226 பவுண்டு. 102 கிலோவைச் சற்றே தாண்டியவர். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ 25 கிலோ. உயரத்தில் ஃப்யூரி 206 சென்டிமீட்டர், உசிக் 191. மறுநாள் இரவு பன்னிரண்டு ரவுண்டுகள் முடிந்து நடுவர்களின் சீட்டை வாசித்தபோது மூன்றிலும் ஒரே கணக்குதான் இருந்தது: 116-112, வெற்றி உசிக்கிற்கு.

குத்துச்சண்டை ரசிகர்கள் இருக்கும் இடமெல்லாம் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. எடை என்ற ஒன்றையே எடுத்துவிட்டு, எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவு உடம்பு என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு உலகில் சிறந்தவர் யார்? ‘பவுண்ட் ஃபார் பவுண்ட்’ என்று இதைச் சொல்வார்கள். 2025 முடிய நடந்த போட்டிகளை வைத்து மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபட்டன: அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபோர்ட், ஜப்பானின் நவோயா இனோவே, உக்ரைனின் உசிக். என் விடை உசிக். எடையை மனத்துக்குள் எடுத்துவிட்டுப் பார்ப்பது யாருக்கும் எளிது. அதற்கு எந்த விடையும் பொருந்தும். எடையை ரிங்குக்குள் உண்மையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டு வென்றவர் யார் என்று கேட்டால்தான் விடைக்குச் சான்று கிடைக்கிறது. அப்படிக் கேட்டுக்கொண்டு போனால் உசிக்கிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி பிறந்த கதையே சிறிய உடம்புக்காரர்களுக்கு நியாயம் கேட்ட கதை. 1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை முறைப்படுத்தியது. பிரிவுகள் வந்த பிறகும் மக்களின் கண்ணும் பத்திரிகைகளின் தலைப்பும் பணமும் ஹெவிவெயிட் சாம்பியன் பக்கமே இருந்தன. உலகில் யாரையும் அடிக்கக்கூடியவர் அவர்தானே என்பது பொது நம்பிக்கை. ஆனால் ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. 1917 முதல் 1925 வரை லைட்வெயிட் சாம்பியனாக இருந்த பென்னி லியோனார்டிடம் இருந்த காலடி நுணுக்கமும் கணக்கும் எந்தப் பெரிய உடம்புக்காரரிடமும் இல்லை. அவரை ஹெவிவெயிட்டோடு மோதவிட முடியாது. ஆனால் கலையில் அவர்தான் மேல் என்று சொல்ல ஒரு வழி வேண்டும். ‘பவுண்டுக்குப் பவுண்டு’ என்ற பேச்சு அந்தத் தேவையிலிருந்து வந்தது. சுகர் ரே ராபின்சன் வந்தபின் அது அவருடைய சொத்தாகவே ஆகிவிட்டது.

ராபின்சனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்று இந்த விவாதத்தில் காணாமல்போன ஒன்று அவருடைய காலத்தில் கண்முன்னே இருந்தது. 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில் அவர் சாம்பியன். ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டு புகழ் சேர்த்தவர் இல்லை. 160 பவுண்டு மிடில்வெயிட்டான ஜேக் லமோட்டாவோடு ஆறு முறை மோதி ஐந்து முறை வென்றார். தோற்ற அந்த ஒன்று, 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்தது. லமோட்டா அன்று அவரைவிடச் சுமார் 16 பவுண்டு கூடுதல். மூன்றே வாரத்தில் அதே ஊரில் அதே ஆளோடு மறுபடி ரிங்கில் ஏறி ராபின்சன் வென்றார். பிறகு மிடில்வெயிட் பட்டத்தை ஐந்து முறை பிடித்தார். 1952 ஜூனில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்ஸிமைச் சந்தித்தபோது ராபின்சன் 157.5 பவுண்டு, மாக்ஸிம் 173. அன்று ரிங்கின் விளக்குகளுக்கு அடியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். பத்தாவது ரவுண்டோடு ரெஃபரி ரூபி கோல்ட்ஸ்டீனே துவண்டு போய், வேறொருவர் வந்து நடத்த வேண்டியிருந்தது. பதின்மூன்று ரவுண்டு வரை மூன்று சீட்டிலும் முன்னால் இருந்த ராபின்சனால் பதினான்காவது ரவுண்டுக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

தோல்வி என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஏழு கிலோ கூடுதலான ஒரு சாம்பியனைப் பதின்மூன்று ரவுண்டு முந்தியிருந்த கணக்கு இது. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் ராபின்சனைப் பவுண்டுக்குப் பவுண்டு முதல்வர் என்று எழுதியபோது, பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருந்தன. கற்பனைக்கு அடியில் கல் போட்டிருந்தார்கள்.

பட்டியல் என்ற வடிவம் இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது. நாட் ஃபிளைஷர் 1922இல் தொடங்கிய ‘தி ரிங்’ பத்திரிகை ஒவ்வொரு பிரிவுக்கும் தரவரிசை போட்டுவந்தது. எல்லாப் பிரிவுகளையும் கலந்து பத்துப் பேரை வரிசைப்படுத்தும் முறையான பட்டியல் 1980களின் முடிவில்தான் நிலைபெற்றது. முதல் இடத்தில் அமர்ந்தவர் மைக் டைசன். சிறிய வீரர்களுக்காகப் பிறந்த கேள்விக்குப் பட்டியலின் முதல் விடை ஹெவிவெயிட் சாம்பியன்! 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். இடம் மெக்ஸிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸுக்குப் போனது.

இந்தப் பட்டியல்களை யார் போடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும். உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளும் ‘பவுண்ட் ஃபார் பவுண்ட்’ என்று ஒரு பெல்ட் வைத்து அதற்காகப் போட்டி நடத்துவதில்லை. இது முழுக்க முழுக்கப் பார்வையாளர்களின் தீர்ப்பு. ‘தி ரிங்’ இதில் நெடுநாள் மரியாதை பெற்ற குரல்; ஆனால் அதன் வரலாற்றில் ஒரு கறை உண்டு. 1977இல் டான் கிங் நடத்திய அமெரிக்க சாம்பியன்ஷிப் போட்டித் தொடரை ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வீரர்களைத் தேர்ந்தெடுக்க அடிப்படையாக இருந்தவை ‘தி ரிங்’ தந்த பதிவுகளும் தரவரிசையும். சில வீரர்களின் கணக்கில் நடக்காத போட்டிகளையெல்லாம் வெற்றியாகச் சேர்த்திருந்தது வெளியே வந்தது. தொலைக்காட்சி தொடரையே நிறுத்தியது. பிற்காலத்தில், 2007இல், அந்தப் பத்திரிகையை வாங்கியது ஆஸ்கர் டி லா ஹோயாவின் போட்டி நடத்தும் நிறுவனம். 2024 நவம்பரில் அது சவூதி அரேபியாவின் துர்க்கி அல்ஷேக் கைக்குப் போனது. உசிக்–ஃப்யூரி போட்டிகளுக்கும் கேனலோ ஆல்வரெஸ்–கிராஃபோர்ட் போட்டிக்கும் பின்னால் இருந்தவர் அவரே. போட்டிக்குப் பணம் போடுகிறவரும், போட்டியிட்டவர்களை வரிசைப்படுத்தும் பத்திரிகையின் உரிமையாளரும் ஒருவரே என்பது சங்கடமான நிலைமை. தரவரிசைக் குழுவில் இருக்கும் எழுத்தாளர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் இந்த ஏற்பாடு சரியல்ல. இன்று பட்டியலைச் சான்றாகக் காட்டி வாதாட முடியாது. பட்டியல் எதைப் பார்த்துப் போடப்பட்டதோ அந்தப் போட்டிகளுக்கே போக வேண்டும்.

எடை போட்டியை எப்படி மாற்றுகிறது என்பது அடுத்த கேள்வி. பளுதூக்குதலில் இதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. ஓர் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் வலு நான்கு மடங்குதான் ஆகும். அதனால்தான் தூக்கிய எடையை உடல் எடையால் அப்படியே வகுத்தால் சிறியவர்கள் எப்போதும் முன்னே வருவார்கள். இதைச் சரிசெய்யத்தான் கனடாவைச் சேர்ந்த சின்க்ளேர் உருவாக்கிய குணகம் இருக்கிறது. ஒவ்வொரு ஒலிம்பிக் சுற்றுக்கும் உலகச் சாதனைகளை வைத்து அதைப் புதுப்பிக்கிறார்கள். 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயீம் சுலைமானோக்லு மொத்தம் 342.5 கிலோ தூக்கியதை ஹெவிவெயிட்டுகள் தூக்கியதோடு ஒப்பிட அந்தக் குணகம் உதவுகிறது. இரும்புக்கு எதிர்ப்புணர்ச்சி கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கனக்கிறது.

குத்துச்சண்டையில் அந்த வசதி இல்லை. எதிரே நிற்பவர் திருப்பி அடிக்கிறார். எடை கூடக் கூட அடியின் பலம் மட்டும் கூடுவதில்லை. கையின் நீளம் கூடுகிறது, கிளிஞ்சில் தோளின் மேல் சாய்ந்து அழுத்தும் கனம் கூடுகிறது, அடி வாங்கியும் நிற்கும் தாக்குப்பிடிப்பு கூடுகிறது. வேகமும் மூச்சும் எதிர்ப்பக்கமாகக் குறையக்கூடும். இவற்றை ஒற்றை எண்ணுக்குள் அடக்க ஒரு சூத்திரமும் இதுவரை வரவில்லை, வருமென்றும் தோன்றவில்லை. கிடைப்பது ஒரே ஒரு வகைச் சான்று: சிறியவர் பெரியவரோடு மோதிய போட்டிகள்.

அந்தச் சான்றுகள் பெரும்பாலும் சிறியவர்களுக்கு எதிராகவே பேசுகின்றன. கியூபாவின் கில்யெர்மோ ரிகொண்டோ இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். தற்காப்பில் அவர் காலத்தில் நிகரில்லாதவர். 2017 டிசம்பரில் 122 பவுண்டிலிருந்து 130க்கு ஏறி, அவரைப் போலவே இரண்டு தங்கம் வென்ற வாசில் லொமாசென்கோவைச் சந்தித்தார். ஆறு ரவுண்டு முடிந்ததும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டே பவுண்டு, நாலு கிலோகூட இல்லை. நான்கு பிரிவுகளில் பட்டம் வென்ற மைக்கி கார்சியா 2019 மார்ச்சில் வெல்டர்வெயிட்டுக்கு ஏறி எரோல் ஸ்பென்ஸை எதிர்கொண்டார். மூன்று நடுவர்களில் ஒருவர்கூட அவருக்கு ஒரு ரவுண்டு கொடுக்கவில்லை. மேல் எடைக்கு ஏறிய அமீர் கான் 2016இல் கேனலோவிடம் ஆறாவது ரவுண்டில் மயங்கி விழுந்தார். இவர்கள் யாரும் சாதாரணர்கள் இல்லை. இருவரும் திறமைசாலிகள் என்றால் பெரியவர் வெல்வார் என்ற பழைய ரிங் வழக்குக்கு ஒவ்வொரு பத்தாண்டும் புதிதாக இப்படிச் சான்று சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

‘எத்தனை பிரிவுகளில் பட்டம் வென்றார்’ என்ற எண்ணிக்கையைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1909இல் எட்டாக இருந்த பிரிவுகள் இன்று 17. கீழ்த் தட்டில் அவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன: 105, 108, 112, 115, 118, 122, 126. இரண்டுக்கு நடுவே ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தபோது அவற்றின் எல்லைகள் 126, 135, 147. இன்றைய மூன்று பிரிவுப் பட்டங்களோடு அதைச் சேர்த்துப் பேசுவது ஆம்ஸ்ட்ராங்குக்குச் செய்யும் அநியாயம்.

எடை பார்க்கும் நேரமும் மாறிவிட்டது. முன்பு போட்டி நாளன்றே பார்த்தார்கள். 1980களிலிருந்து முந்தைய நாள் பார்ப்பது வழக்கமாயிற்று. உடம்பிலிருந்து நீரை வற்றவைத்து எல்லைக்குள் நுழைந்து, அடுத்த ஒன்றரை நாளில் தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொண்டு ஐந்தாறு கிலோ கூடுதலாக ரிங்கில் ஏறுகிறவர்கள் பலர். ஆகவே எல்லை உள்ள எல்லாப் பிரிவுகளிலும் காகிதத்தில் உள்ள எடைக்கும் மணி அடிக்கும்போது உள்ள எடைக்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. இந்த மூடுமந்திரம் இல்லாத பிரிவு ஹெவிவெயிட் ஒன்றுதான். அங்கே மேல் எல்லை இல்லை, வற்றவைக்கக் காரணம் இல்லை. மேடையில் சொன்ன எடையே ரிங்கில் இருக்கும் எடை.

இனி ஆட்களுக்கு வருவோம். டெரன்ஸ் கிராஃபோர்ட் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாக்காரர். 2014இல் கிளாஸ்கோ போய் லைட்வெயிட் பட்டம் வென்றார். 140 பவுண்டில் நான்கு பெல்ட்டையும் 2017இல் ஒன்று சேர்த்தார். 2023 ஜூலையில் லாஸ் வேகாஸில் எரோல் ஸ்பென்ஸை மூன்று முறை கீழே தள்ளி ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். வெல்டர்வெயிட்டின் நான்கு பெல்ட்டும் அவருடையதாயின. தோல்வியே காணாத ஒரு சாம்பியனை இன்னொரு சாம்பியன் இப்படி ஒருதலையாக உடைத்ததை என் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஸ்பென்ஸின் ஜாப் கிளம்பும் நேரத்துக்குள் கிராஃபோர்டின் ஜாப் போய்ச் சேர்ந்துவிடும்; அது நடந்த ஒவ்வொரு முறையும் ஸ்பென்ஸின் தலை பின்னால் போய்த் திரும்பியது. பிறகு 2025 செப்டம்பர் 13 அன்று 154இலிருந்து 168க்குத் தாவி, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் கேனலோ ஆல்வரெஸைப் புள்ளிகளில் வென்றார்: 116-112, 115-113, 115-113. மூன்றாவது பிரிவிலும் நான்கு பெல்ட். 42 போட்டிகளில் 42 வெற்றியோடு டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

கிராஃபோர்டின் கலை எனக்குப் பிடித்த கலை. ஆனாலும் அந்த செப்டம்பர் இரவை எடை விட்டுக்கொடுத்த வெற்றியாகக் கணக்கிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எடைக்கருவியில் இருவரும் 167.5 பவுண்டு. உயரத்தில் கிராஃபோர்ட் ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலே. கையின் நீளத்திலோ அவர் கேனலோவைவிட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் மேல். கேனலோதான் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு மேல் பிரிவுகளில் காலம் தள்ளியவர். கனத்தில் தாவினார் கிராஃபோர்ட், சரி. எலும்பில் அவர் சின்னவர் இல்லை. வேகத்தைக் கொஞ்சமும் இழக்காமல் அந்தக் கனத்தைச் சுமந்தார் என்பதில்தான் அவருடைய மேன்மை. போட்டியில் இல்லாதவரை ‘இன்றைய சிறந்தவர்’ என்று எழுதவும் முடியாது.

அந்த வெற்றியின்போது ‘மூன்று பிரிவுகளில் நான்கு பெல்ட்டையும் சேர்த்த முதல் வீரர்’ என்று பலர் எழுதினார்கள். ஆண்களில் என்று சேர்த்திருக்க வேண்டும். ஏழு மாதம் முன்பே, 2025 பிப்ரவரியில், மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் கிளாரிசா ஷீல்ட்ஸ் ஹெவிவெயிட் பெல்ட்டுகளைச் சேர்த்து மூன்றாவது பிரிவை முடித்திருந்தார். 154, 160, ஹெவிவெயிட்: இடைவெளி கிராஃபோர்டுடையதைவிட அகலம். பெண்களின் பிரிவுகளில் எதிராளிகளின் கூட்டம் குறைவு என்பது உண்மை. வரிசையில் அவர் எங்கே என்று வாதாடலாம். முதல் என்ற சொல்லை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு வாதமே கிடையாது.

நவோயா இனோவேயின் வழக்கு வேறு. 2014இல் ஆறாவது போட்டியிலேயே 108 பவுண்டில் உலகப் பட்டம். அதே ஆண்டு டிசம்பரில் 115இல் நெடுநாள் சாம்பியன் ஒமர் நர்வாயெஸை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். 118இலும் 122இலும் நான்கு நான்கு பெல்ட். 2025 முடிவில் 32 போட்டி, 32 வெற்றி, அதில் 27 நாக் அவுட். சிறிய பிரிவுகளில் இப்படி அடி விழுவது அபூர்வம். இடது ஹூக்கை விலா எலும்புக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில் இறக்குவார். வாங்கியவர் இரண்டு அடி நடந்த பிறகுதான் மடங்குவார்.

2019 நவம்பரில் சைதாமாவில் நொனிதோ டொனேருடன் நடந்த போட்டியை இனோவேயின் அளவுகோலாக வைக்கிறேன். டொனேருக்கு அப்போது 37 ஆகப்போகிறது. ஆனால் அவர் ஒரு காலத்தில் 126 பவுண்டு வரை போய்ப் பட்டம் வென்ற பெரிய எலும்புக்காரர். இரண்டாவது ரவுண்டில் அவருடைய இடது ஹூக் இனோவேயின் வலது கண்ணைக் கிழித்தது. கண்குழி எலும்பு முறிந்திருந்தது. எதிரே நின்ற ஆள் இரண்டாகத் தெரிந்தார். அதோடு பத்து ரவுண்டுகளைக் கடந்து, பதினொன்றாவதில் ஈரலில் ஓர் அடி கொடுத்து டொனேரை முழங்காலில் உட்காரவைத்து, புள்ளிகளில் வென்றார். அடிக்கத் தெரிந்தவர் என்று மட்டுமே அறியப்பட்டிருந்தவர், அடி வாங்கியபின் யோசிக்கவும் தெரிந்தவர் என்று அன்று தெரிந்தது. 2022 ஜூனில் மறுபடி சந்தித்தபோது இரண்டே ரவுண்டு. ‘தி ரிங்’ பட்டியலில் ஜப்பானியர் ஒருவர் முதலிடம் பிடித்தது அதன் பிறகுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவரை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், 122இல் அவர் உடம்பின் எல்லை தெரிய ஆரம்பித்திருப்பது. 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நேரி அவரை முதல் ரவுண்டிலேயே தரையில் உட்காரவைத்தார். ஓராண்டு கழித்து லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனாஸ் இரண்டாவது ரவுண்டில் அதையே செய்தார். இரண்டு முறையும் எழுந்து வந்து எதிராளியை முடித்தார் என்பது அவருடைய பெருமை. ஆனால் 108இலிருந்து 122க்கு வந்த பயணம் மொத்தமே ஆறரை கிலோதான், அதுவும் பத்தாண்டு வளர்ச்சியில். தன்னைவிடத் தெளிவாகப் பெரிய, தன் தரத்துக்கு நெருங்கிய ஒருவரை அவர் 2025 முடிய சந்திக்கவில்லை.

உசிக் 1987இல் கிரைமியாவின் சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோ பிரிவில் தங்கம். தொழில்முறைக்கு வந்து 200 பவுண்டு க்ரூஸர்வெயிட்டில் பட்டம் சேர்த்த விதத்தைப் பாருங்கள்: குளோவாட்ஸ்கியைப் போலந்தில், ஹுக்கை பெர்லினில், ப்ரியேடிஸை ரீகாவில், 2018 ஜூலையில் காசியேவை மாஸ்கோவில். ஒவ்வொருவரையும் அவரவர் வாசலிலேயே. உக்ரைனியர் ஒருவர் 2018இல் மாஸ்கோவில் ரிங் ஏறுவதென்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் ஹெவிவெயிட்டிலும் தொடர்ந்தது. 2021 செப்டம்பரில் லண்டனின் டாட்டன்ஹாம் மைதானத்தில் 240 பவுண்டு ஆன்டனி ஜோஷுவாவை 221 பவுண்டு உசிக் வென்றார். ஐந்து மாதத்தில் போர் வந்தது. ஊர்க்காவல் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார். ஆகஸ்டில் ஜெட்டாவில் ஜோஷுவாவை மறுபடி வென்றார்.

பிறகு ஃப்யூரி. 2024 மே 18 அன்று நடந்த முதல் போட்டியில் ஃப்யூரி 262 பவுண்டு, உசிக் 223.5. நடு ரவுண்டுகளில் ஃப்யூரி ராஜாவாக இருந்தார். நீண்ட கையால் தள்ளிவைத்து, கிட்டே வந்தால் வயிற்றில் அப்பர்கட் கொடுத்து, கயிற்றோரம் கைகளைத் தொங்கவிட்டு விளையாட்டும் காட்டினார். உசிக் அந்த நேரத்தில் செய்ததை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அடி வாங்கினாலும் பின்வாங்கவில்லை. தன் வலது காலை ஃப்யூரியின் இடது காலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, உடம்புக்கு ஜாப் கொடுத்து, அரை அடி இடமாக நகர்ந்துகொண்டே இருந்தார். இடது கை வீரருக்கு அந்தக் கால் இடம்தான் வாசல். அங்கிருந்து இடது கை நேராகப் போகும், எதிராளியின் வலது கைக்குத் தூரம் கூடும். எட்டாவது ரவுண்டில் அது பலன் தர ஆரம்பித்தது. ஒன்பதாவதில் இடது கை முகத்தில் விழுந்தது. 206 சென்டிமீட்டர் மனிதர் தள்ளாடி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனார். கயிறுதான் அவரைத் தாங்கியது. ரெஃபரி நடுவே புகுந்து எண்ணினார், மணி அடித்தது.

நடுவர் சீட்டுகள் 115-112, 113-114, 114-113. மூன்றையும் தனித்தனியே கூட்டினால் 227 வருகிறது. பன்னிரண்டு ரவுண்டும் 10-9 என்றால் 228 வந்திருக்க வேண்டும். குறைந்த அந்த ஒரு புள்ளி, ஒன்பதாவது ரவுண்டில் எண்ணப்பட்டதற்காக ஃப்யூரியிடமிருந்து பிடிக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சீட்டு உசிக்கிற்கு, ஒன்று ஃப்யூரிக்கு, ஒன்று சமன், போட்டியே சமனாகியிருக்கும். அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்தைத் தனக்குச் சாதகமாக உடைக்க, 17 கிலோ குறைவானவரிடம் நாக் அவுட்டுக்குப் பக்கத்தில் போகும் ஓர் அடி இருந்தது. ஏழு மாதம் கழித்து ஃப்யூரி கனத்தையே ஆயுதமாக்கிக்கொண்டு வந்தபோது நெருக்கம்கூட இல்லாமல் போயிற்று.

எதிர்வாதம் மூன்று கேட்கிறேன். ஃப்யூரியின் 281 பவுண்டில் கொழுப்பும் உண்டு, அதை முழுக்கப் பலமாகக் கணக்கிடலாமா என்பது ஒன்று. கணக்கிட வேண்டாம். கொழுப்பைக் கழித்தாலும் 15 சென்டிமீட்டர் உயரமும் நீண்ட கையும் கழியாது. இரண்டாவது, 2023இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் டேனியல் டுபுவாவின் அடி பெல்ட்டுக்குக் கீழே விழுந்ததா இல்லையா என்ற சர்ச்சை. கீழே என்று ரெஃபரி தீர்த்தார்; உசிக் நேரம் எடுத்துக்கொண்டு எழுந்தார், ஒன்பதாவதில் முடித்தார். சரியான அடி என்று நினைப்பவர்களுக்கு நியாயம் இருந்தது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் அதே டுபுவாவை, 16 பவுண்டு கூடுதலான, அவரைவிடப் பத்து வயது இளையவரை, ஐந்தாவது ரவுண்டில் இடது ஹூக்கால் முடித்தபோது அந்த வழக்கு தீர்ந்தது. மூன்றாவது, 2025 முடிய மொத்தம் 24 போட்டிகள்தானே என்பது. எண்ணிக்கை குறைவுதான். அந்த 24க்குள் க்ரூஸர்வெயிட்டின் முன்னணிச் சாம்பியன்கள், ஜோஷுவா இரண்டு முறை, ஃப்யூரி இரண்டு முறை, டுபுவா இரண்டு முறை என்று அடங்கியிருக்கிறார்கள். இதைவிட நீளமான பட்டியல்களில் இதைவிடக் குறைவான ஆட்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

உசிக்கிற்கு முன்பும் எடையை விட்டுக்கொடுத்து இந்தப் பிரிவில் வென்றவர் உண்டு. 2003 மார்ச்சில் ராய் ஜோன்ஸ் ஜூனியர் 193 பவுண்டில் நின்று 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். மிடில்வெயிட்டில் தொடங்கியவர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தது நூறாண்டுக்கு மேல் கழித்து நடந்த அதிசயம். ஆனால் ரூயிஸ் அந்தப் பிரிவின் சிறந்தவர் இல்லை. லெனாக்ஸ் லூயிஸ் அப்போது இருந்தார். ஜோன்ஸ் ஒரு முறை ஏறிவிட்டு இறங்கிப் போனார், 2004 மே மாதம் ஆன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். உசிக் ஏறியவர் இறங்கவில்லை. அந்தப் பிரிவின் மிகப் பெரியவரையும் மிகச் சிறந்தவரையும் தேடிப் போய், அவர்கள் கேட்ட ஊரில், கேட்டபோதெல்லாம் மறுபோட்டியும் கொடுத்தார்.

அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இந்த இடம் வெகுநாள் அவரிடம் இருக்காது. சான் அன்டோனியோவின் ஜெஸ்ஸி ‘பாம்’ ரொட்ரிகெஸ் 25 வயதுக்குள் 115 பவுண்டில் குவாட்ராஸ், எஸ்ட்ராடா, கஃபு, மார்டினெஸ் என்று நால்வரை வென்றிருக்கிறார். கோணம் மாற்றி அடிப்பதில் உசிக்கின் காலடி வேலைக்கு மிக நெருங்கியவர் இந்தத் தலைமுறையில் அவர்தான். இனோவே 126க்கு ஏறி, அங்கே பிறந்து வளர்ந்த ஒரு சாம்பியனை, தன்னைவிட உயரமான ஒருவரை, வென்றால் நான் வரிசையை மாற்றி எழுதுவேன். அதுவரை உசிக், இனோவே, பாம்.